படகு வந்துட்டிருக்கு

உக்காருங்கம்மா, ஜன்னல் சீட்டு நீங்களே வச்சுக்கங்க. எனக்குக் கடைசி ஸ்டாப். அந்தப் பையை மட்டும் கொஞ்சம் திருப்பி வச்சுக்கறீங்களா, எழுத்து அந்தப் பக்கமா இருக்கற மாதிரி? தப்பா நெனக்காதீங்க. அந்த எழுத்தைப் பாத்தாலே எனக்கு உடம்பு எரியுது.

'கூடவே இருப்போம்.' அதானே? நீலக் கலர்ல ரெண்டு கை. நீங்க அவங்க ஆளா? ஓ, புத்தகக் கண்காட்சியில சும்மா குடுத்தாங்களா. குடுப்பாங்க, குடுப்பாங்க. பை, பேட்ஜ், டீ சர்ட், எல்லாம் குடுப்பாங்க. அப்ப உங்களுக்கு அவங்களைப் பத்தித் தெரியாது. நான் சொல்றேன். இந்த சிக்னல் தாண்டவே அரை மணி நேரம் ஆகும், கேளுங்க.

என் பேரு குமுதவல்லி. மாநகராட்சியில இருபத்தாறு வருஷ சர்வீஸ். இப்ப ஹெட் ஆபீஸ்ல பிறப்பு இறப்புப் பிரிவு. தினம் ரெண்டு பஸ் மாறிப் போறேன், இந்த வயசுல, முட்டி வலியோட. ரெண்டு வருஷம் முன்னாடி வரைக்கும் எங்க வீட்டுலேருந்து நடந்து போற தூரத்துல வார்டு ஆபீஸ்ல இருந்தேன். எதுக்கு மாத்தினாங்க தெரியுமா? நிர்வாக வசதிக்காகவாம். ஆர்டர்ல அப்படித்தான் போட்டிருக்கு. நிர்வாக வசதி! அந்த நீலக் கலர் பசங்களுக்கு மேடையில சான்றிதழ், எனக்கு நிர்வாக வசதி.

ரெண்டு வருஷம் முன்னாடி வந்த வெள்ளம் ஞாபகம் இருக்கா? நீங்க அப்ப எங்க இருந்தீங்க? ஹாஸ்டல்லயா, சரி, மேடான எடம். எங்க வார்டு ஆத்தோரம். ஏரியைத் திறந்துட்டாங்கன்னு டி.வி.யில வர்றதுக்குள்ள எங்க ஆபீஸ் ரெண்டாவது படியில தண்ணி. ஆபீஸ்னா என்ன, ரெண்டு ரூம். முதல் நாள் மத்தியானமே எங்க சந்திரகாசன் சார், அவர் உதவிப் பொறியாளர், நல்ல மனுஷன், ஆனா பயந்தவர், அவர் வந்து சொல்லிட்டாரு, "மேடம், இனிமே இதான் கண்ட்ரோல் ரூம். போனை நீங்க பாத்துக்கங்க. நான் ஃபீல்டுல இருப்பேன்."

போன்னா ரெண்டு. ஒண்ணு முதல் மணி நேரத்துலயே செத்துப் போச்சு. இன்னொண்ணு மட்டும் எப்படியோ உயிரோட இருந்துச்சு. மூணு நாள். மூணு நாள் நான் வீட்டுக்குப் போகலைம்மா. என் வீட்டுலயும் தண்ணி. என் வீட்டுக்காரரும் என் பொண்ணும் ஃப்ரிட்ஜைத் தூக்கி மேஜை மேல வச்சு, துணிமணியைப் பரண்ல ஏத்தி, எல்லாத்தையும் அவங்களே பாத்துக்கிட்டாங்க. நான் இங்க ஊர்ல இருக்கறவங்க கூப்பாட்டையெல்லாம் கேட்டு எழுதிட்டு இருந்தேன். நீளப் பதிவேடு. வரிசை எண், நேரம், பேரு, முகவரி, எத்தனை பேர், என்ன நடவடிக்கை. ஒரு கட்டம் காலியா விட்டதில்ல. எழுத்து பாருங்க, இப்பவும் என் பதிவேட்டை எடுத்துப் பாத்தா அச்சடிச்ச மாதிரி இருக்கும். பின்னாடி நடந்த விசாரணையில அந்த அதிகாரியே சொன்னாரு, "பதிவேடு நல்லாப் பராமரிச்சிருக்கீங்க"ன்னு. சொல்லிட்டுத்தான் மாத்தினாரு.

ரெண்டாவது நாள் காலையிலதான் இந்த நீலக் கலர் பசங்க வந்தாங்க. எங்க ஆபீஸுக்கு நேர் எதிர்ல ஒரு கல்யாண மண்டபம், அது மேடு. ஓனர் தொறந்து விட்டுட்டாரு. முப்பது நாப்பது பேர் இருக்கும். எல்லாம் சின்ன வயசு. லேப்டாப், ஜெனரேட்டர், சாப்பாட்டுப் பொட்டலம் கட்ட ஒரு கூட்டம், துணி பிரிக்க ஒரு கூட்டம். மணமேடைக்குப் பின்னாடி செவுத்துல ஒரு பெரிய படம் விழற மாதிரி பண்ணி, அதுல கட்டம் கட்டமா பேரு. செவப்புன்னா இன்னும் போகலை, மஞ்சள்னா ஆள் கெளம்பிட்டாங்க, பச்சைன்னா முடிஞ்சுது. ஏதோ கிரிக்கெட் ஸ்கோர் பாக்கற மாதிரி பாத்துட்டு நிக்கறாங்க. அவங்களுக்குத் தலைவன் நிரஞ்சன்னு ஒருத்தன். கம்ப்யூட்டர் கம்பெனி. கழுத்துல ஹெட்போன். என்னைப் பாத்து, முதல் வார்த்தையே, "ஆன்ட்டி, உங்க டேட்டாவைக் குடுங்க, நாங்க ஏத்திடறோம்."

ஆன்ட்டியாம். டேட்டாவாம். இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல என்னைக் கவுன்சிலர் கூட மேடம்னுதான் கூப்பிடுவாரு.

நான் சொன்னேன், "தம்பி, இது அரசாங்கப் பதிவேடு. இது ஆபீஸை விட்டு வெளிய போகாது. வேணும்னா நீங்க உங்க லிஸ்ட்டைக் குடுங்க, நான் இதுல ஏத்திக்கறேன்." அவன் சிரிச்சான். கூட நின்ன பொண்ணு, ஃபர்ஹானான்னு பேரு, அவ கொஞ்சம் மரியாதையா, "போட்டோ மட்டும் எடுத்துக்கறோம் மேடம்"னா. அதுவும் முடியாதுன்னுட்டேன். ஏன்னு கேக்கறீங்களா? யார் யார் வீட்டுல கர்ப்பிணி, யார் வீட்டுல பொம்பளைங்க தனியா இருக்காங்க, போன் நம்பர், எல்லாம் இருக்கு அதுல. அதைப் போய் நெட்ல போடறதா? நான் செஞ்சது சரிதானே? சரிதான்.

சந்திரகாசன் சார்கிட்ட போய் அந்தப் பையன் புகார் சொல்லியிருக்கான். அவரு மண்டல அதிகாரிகிட்ட கேட்டாரு. அவரு போன்ல, "எல்லாரும் ஒருங்கிணைந்து செயல்படுங்க"ன்னுட்டு வச்சிட்டாரு. ஒருங்கிணைந்துன்னா எப்படி? யார் எதைப் பாக்கணும்? ஒரு வார்த்தை இல்லை. மேல இருக்கறவங்க பேசறதே அப்படித்தான். கடைசியில சாரே ஒரு வழி பண்ணாரு. மீன்வளத் துறையில இருந்து லாரியில ஏத்தி ரெண்டு படகு வந்திருந்துச்சு, மீனவங்களோட. தீயணைப்பு ரப்பர் படகு ஒண்ணு. மொத்தம் மூணு. ரப்பர் படகும் ஒரு மீனவர் படகும் நம்ம பதிவேட்டுப்படி போகட்டும், இன்னொண்ணு அந்தப் பசங்க லிஸ்ட்படி போகட்டும்னாரு. கேக்கறதுக்கு நல்லாத்தான் இருந்துச்சு. ஒரே வீடு ரெண்டு லிஸ்ட்லயும் இருந்தா என்ன பண்றதுன்னு யாரும் கேக்கலை. நானும் கேக்கலை. அது என் வேலை இல்ல.

இதுக்கு நடுவுல என்னா தொல்லை தெரியுமா? அப்ஸ்ட்ராக்ட்! ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மண்டலத்துக்குச் சொல்லணும். எத்தனை அழைப்பு, எத்தனை முடிஞ்சுது, எத்தனை நிலுவை. காலையில பத்து மணிக்குச் சொன்னேன், நிலுவை அறுபத்தி மூணு. அங்கேருந்து ஒருத்தர் எகிர்றாரு, "பக்கத்து வார்டுல இருபதுதான் நிலுவை, உங்க வார்டுல மட்டும் ஏன் இவ்வளவு? தூங்கறீங்களா?" தூங்கறோமாம்! நான் அந்த நாற்காலியை விட்டு எந்திரிச்சே எத்தனை நேரம் ஆச்சுன்னு எனக்குத்தான் தெரியும்.

அப்பதான் அந்த அழைப்பு வந்துச்சு. வரிசை எண் நூத்தி நாப்பத்தேழு. மணி பத்து இருபது. செல்லியம்மன் நகர், மூணாவது குறுக்குத் தெரு, முதல் மாடி. பேசினது ரெஜினான்னு ஒரு அம்மா. வீட்டுக்காரர் பேரு ஆரோக்கியசாமி, அச்சாபீஸ்ல வேலை பாத்து ரிட்டயர் ஆனவர். நுரையீரல் கெட்டுப் போய், வீட்டுலயே ஆக்சிஜன். மெஷின் கரண்ட்ல ஓடறது. கரண்ட் போயிடுச்சு. கையில ஒரு சிலிண்டர் இருக்கு, சாயங்காலம் வரைக்கும் வரும்னாங்க. அழலை, கத்தலை. டீச்சர் பாடம் சொல்ற மாதிரி நிதானமா சொன்னாங்க. "மேடம், சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள அவரை ஆஸ்பத்திரியில சேத்துட்டாப் போதும்." நான் முகவரியைத் திரும்பப் படிச்சுக் காட்டினேன். "சரிதான் மேடம்"னாங்க. அப்புறம் சொன்னாங்க, "என் பொண்ணு துபாய்ல இருந்து நெட்ல போட்டிருக்கா. யாரோ தம்பி பேசினாரு. அவங்களும் உங்க ஆளுங்கதானே?"

பாத்தீங்களா? ஜனங்களுக்கு யார் கார்ப்பரேஷன், யார் இந்தப் பசங்கன்னே தெரியலை. எல்லாரும் ஒண்ணுன்னு நெனச்சிட்டு இருக்காங்க.

சரி, ரெண்டு எடத்துலயும் இருக்கு, கேட்டுடுவோம்னு நானே எந்திரிச்சேன். இதைக் கவனிங்க. நான் எந்திரிச்சுப் போனேன். போனை ப்யூன்கிட்ட குடுத்துட்டு, ஒரு துண்டுச் சீட்டுல முகவரியை எழுதிட்டு, முட்டி வரைக்கும் தண்ணியில சேலையைத் தூக்கிப் பிடிச்சிட்டு, எதிர் மண்டபத்துக்குப் போனேன். யார் போவா? அந்த நிரஞ்சன் போன்ல யார்கிட்டயோ பேசிட்டு இருந்தான். சீட்டைக் காட்டினேன். "இந்தக் கேஸ் உங்ககிட்ட இருக்கா?"

பாத்தான். போன்ல பேசிட்டே, "இருக்கு ஆன்ட்டி"ன்னான். கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான். இப்படி.

இதுக்கு என்ன அர்த்தம்? நீங்களே சொல்லுங்க. 'நாங்க பாத்துக்கறோம்'னு தானே அர்த்தம்? ஒருத்தன் இப்படி வெரலைத் தூக்கிக் காட்டினா வேற என்ன அர்த்தம்?

நான் திரும்பி வந்தேன். செவப்பு மையில எழுதினேன். 'தன்னார்வலர்களிடம் ஒப்படைக்கப்பட்டது.' நேரம் போட்டேன், பத்து நாப்பத்தஞ்சு. கையெழுத்துப் போட்டேன். நிலுவையில ஒண்ணு கொறஞ்சுது. இதே மாதிரி அன்னைக்கு இன்னும் பதினாலு கேஸை அவங்க பக்கம் தள்ளினேன். பன்னெண்டு மணி அப்ஸ்ட்ராக்ட்ல நிலுவை முப்பத்தொண்ணு. அந்த மண்டலத்து ஆளு, "குட்"னாரு. முதல் தடவையா.

அந்தப் பக்கம் என்ன நடந்துச்சுன்னு எனக்கு அப்பத் தெரியாது. விசாரணையிலதான் தெரிஞ்சுது. நான் சீட்டோட வந்து நின்னதைப் பாத்துட்டு அந்த ஃபர்ஹானா பொண்ணு, 'கார்ப்பரேஷன் மேடமே நேர்ல வந்துட்டாங்க, அப்ப அவங்க எடுத்துக்கிட்டாங்க'ன்னு நெனச்சு, அவங்க லிஸ்ட்ல செவப்பை மாத்திப் பச்சை பண்ணிட்டா. 'மாநகராட்சி பொறுப்பு'ன்னு ஒரு குறிப்பு. என் பதிவேட்டுல அவங்க பொறுப்பு, அவங்க செவுத்துல என் பொறுப்பு. ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா அவ? வாயைத் தொறந்து, "மேடம், நீங்க எடுத்துக்கறீங்களா?"ன்னு? படிச்ச பொண்ணு! எனக்குப் புரியவே இல்லை, எப்படி ஒருத்தர் கேக்காமலே முடிவு பண்ணிக்கறாங்கன்னு.

பன்னெண்டரைக்கு அந்த அம்மா மறுபடி கூப்பிட்டாங்க. "படகு இன்னும் வரலை மேடம்." நான் பதிவேட்டைப் பாத்தேன். ஒப்படைச்சாச்சு. "வந்துட்டிருக்கும்மா, ஆளுங்க கெளம்பிட்டாங்க"ன்னேன். "நிச்சயமா வருமா மேடம்?" "நிச்சயமா வரும்." சொல்லாம வேற என்ன சொல்றது? ஒரு நோயாளியை வச்சிட்டு ஒரு பொம்பளை தனியா உக்காந்திருக்காங்க. ஒரு தைரியம் சொல்ல வேண்டாமா? கண்ட்ரோல் ரூம்ல உக்காந்திருக்கறவங்க முதல்ல பண்ண வேண்டியதே அதான். எங்களுக்குப் பயிற்சியிலயே சொல்லியிருக்காங்க, பொதுமக்களைப் பீதியடைய விடக் கூடாதுன்னு.

ரெண்டரைக்கு மறுபடி. "மேடம், சிலிண்டர்ல முள்ளு ரொம்ப எறங்கிடுச்சு." எனக்கு அந்த நேரத்துல மேஜை மேல நாலு சீட்டு, எதிர்ல கவுன்சிலரோட ஆளு, அவங்க சொந்தக்காரங்க வீட்டுக்குப் படகு வேணும்னு கத்திட்டு இருக்கான். இந்தக் காதுல போன், அந்தக் காதுல அவன். நான் சொன்னேன், "படகு வந்துட்டிருக்கும்மா. எத்தனை தடவை சொல்றது? லைனை எல்லாரும் புடிச்சு வச்சிருந்தா மத்தவங்க எப்படிப் பேசுவாங்க?" கொஞ்சம் சத்தமாத்தான் சொல்லிட்டேன். அந்த அம்மா, "சாரி மேடம்"னு வச்சிட்டாங்க.

அதுக்கப்புறம் அவங்க கூப்பிடலை. நான் என்ன நெனப்பேன்? படகு போயிடுச்சுன்னுதான் நெனப்பேன். பிரச்சனை முடிஞ்சவங்க போன் பண்ண மாட்டாங்க, இல்லையா?

அன்னைக்கு மூணு மணிக்கு மேலதான் தண்ணி இன்னும் ஏறுச்சு. ஏரியை இன்னும் தொறந்துட்டாங்க. செல்லியம்மன் நகர்ல இடுப்பளவு இருந்தது ஆளுயரம் ஆயிடுச்சு.

மறுநாள் காலையில ஏழரை மணி. எல்லப்பன்னு ஒரு மீனவர், நம்ம பதிவேட்டுக்குன்னு குடுத்த படகு அவரோடதுதான், அவரு ஆபீஸ் படியில வந்து நின்னாரு. உள்ள வரலை. உடம்பெல்லாம் சொட்டச் சொட்ட. "மேடம், மூணாவது குறுக்குத் தெருவுல ஒரு அம்மா மாடியில நின்னு கையைக் காட்டுச்சு. ஏறிப் பாத்தேன். வீட்டுக்காரரு போயிட்டாரு. சாயங்காலமே போயிருக்காரு. அந்த அம்மா பக்கத்துல உக்காந்து விசிறிட்டு இருக்கு, ஈ மொய்க்கக் கூடாதுன்னு."

நான் பதிவேட்டைப் புரட்டறேன். அவரு அங்கேயே நிக்கறாரு. "நேத்து அந்தத் தெரு மொனையில நான் மூணு வாட்டி போனேன் மேடம். நாலாவது தெருவுல கர்ப்பிணிப் பொண்ணு, அப்பறம் பால்வாடி டீச்சர் வீடு, அப்பறம் அந்தக் கவுன்சிலர் சொந்தக்காரங்க. மூணு வாட்டி. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா படகைத் திருப்பியிருப்பேனே. யாரும் சொல்லலையே எனக்கு."

"உங்க லிஸ்ட்ல அது இல்லங்க. அது அவங்க லிஸ்ட்"னேன்.

அவரு என்னையே பாத்தாரு. எறங்கிப் போயிட்டாரு. படகை எடுத்துட்டு நேரா அந்தத் தெருவுக்குத்தான் போனாரு, பொணத்தை எடுக்க. அதுக்கு யாரும் அவருக்குச் சீட்டு எழுதிக் குடுக்கலை.

நான் நேரா எதிர் மண்டபத்துக்குப் போனேன். சத்தம் போட்டேன் பாருங்க. அன்னைக்கு நான் போட்ட சத்தத்துல பொட்டலம் கட்டிட்டு இருந்தவங்கல்லாம் கையை நிறுத்திட்டாங்க. "ஒரு உசுரைக் கொன்னுட்டீங்களேடா! வெரலைத் தூக்கிக் காட்டினியே, எங்கடா உன் படகு?" அந்த நிரஞ்சன் மூஞ்சி வெள்ளையாப் போச்சு. செவுத்தைத் திரும்பிப் பாத்தான். பச்சை. நூத்துக் கணக்கான பச்சைக்கு நடுவுல அதுவும் ஒரு பச்சை. "உங்ககிட்ட இருக்கான்னுதானே மேடம் கேட்டீங்க? இருக்குன்னு சொன்னேன். லிஸ்ட்ல இருக்குன்னு சொன்னேன்." அப்படியே தரையில உக்காந்துட்டான். அந்தப் பொண்ணு அழ ஆரம்பிச்சுட்டா. "நான்தான் மாத்தினேன், நான்தான் மாத்தினேன்"னு. அழட்டும்னு வந்துட்டேன். அப்ப மட்டும் மேடமாம்.

விசாரணை வச்சாங்க. நான் ஒரு எடத்துலயும் தடுமாறலை. பத்து இருபது, பத்து நாப்பத்தஞ்சு, பன்னெண்டரை, ரெண்டரை. எல்லாம் எழுத்துல இருக்கு. அந்தப் பசங்ககிட்ட எழுத்துல என்ன இருக்கு? ஒரு கலர். ஆனா அந்தப் பொண்ணும் பையனும் என்ன பண்ணாங்க தெரியுமா? "எங்க தப்பு"ன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. ரெண்டு பக்கம். சந்திரகாசன் சாரும், "படகைப் பிரிச்சது நான், ரெண்டு லிஸ்ட்டையும் ஒண்ணா வச்சுப் பாக்க ஒரு ஆளைப் போடலை, என் தப்பு"ன்னு எழுதிட்டாரு. எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்லை. எல்லாரும் தப்பு தப்புன்னு எழுதிட்டா, எழுதாத நான்தான் தப்புப் பண்ணவ மாதிரி ஆயிடுச்சா இல்லையா? அவங்களைப் பாத்து அந்த அதிகாரிக்கு எரக்கம். என்னைப் பாத்து ஒரு பார்வை. "நீங்க ஏதாவது சொல்லணுமா?"ன்னு ரெண்டு தடவை கேட்டாரு. "பதிவேட்டுல இருக்கு சார்"னேன்.

அப்புறம் குடியரசு தினத்துல தன்னார்வலர்களுக்கெல்லாம் சான்றிதழ். அந்த நிரஞ்சன் வாங்க வரலையாம். வேற யாரோ வாங்கினாங்க. நாடகம்! வராம இருந்தா இன்னும் நல்ல பேரு இல்ல? வாராவாரம் ஞாயித்துக்கிழமை அந்த ரெஜினாம்மா வீட்டுக்குப் போறானாம், காய்கறி வாங்கிக் குடுக்கறானாம், மாதா கோயிலுக்கு வண்டியில கூட்டிட்டுப் போறானாம். ப்யூன்தான் சொன்னான். கூடவே இருக்கறானாம். என்கிட்ட கேட்டாங்க சிலபேர், "நீங்க ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வரலாமே"ன்னு. நான் எதுக்குப் போகணும்? போனா தப்பு என் மேலன்னு ஆயிடாது? நான் என் வேலையை ஒழுங்காச் செஞ்சேன்.

போகலை நான். அவங்கதான் வந்தாங்க.

போன செவ்வாய்க்கிழமை. எங்க பிரிவுல கவுன்டர்ல ஆள் லீவு, நான் உக்காந்திருந்தேன். இறப்புச் சான்றிதழ்ல பேர் திருத்தம்னு ஒரு விண்ணப்பத்தை நீட்டினாங்க. ஆரோக்கியசாமிக்குப் பதிலா ஆரோக்கியராஜ்னு அடிச்சிருந்துச்சு. ரெண்டு வருஷமா அது கூடத் திருத்தித் தரலை யாரும். பேரைப் படிச்சதும் எனக்குக் கை நின்னு போச்சு. நிமிந்து பாத்தேன். ஒல்லியா, கண்ணாடி போட்டுக்கிட்டு, வெள்ளைல சின்னப் பூப் போட்ட சேலை. நான் அவங்களைப் பாத்ததே இல்லையே. அவங்களும் என்னைப் பாத்ததில்லை. விசாரணைக்குக் கூட அவங்களைத் தனியாக் கூப்பிட்டுக் கேட்டாங்க.

நான் என்ன பண்ணேன், எல்லாரையும் கேக்கற மாதிரி, "ஆதார் நகல் வச்சிருக்கீங்களாம்மா?"ன்னு கேட்டேன். அவ்வளவுதான். அவங்க பையைத் தொறந்தவங்க அப்படியே நின்னுட்டாங்க.

"நீங்கதானே மேடம், 'படகு வந்துட்டிருக்கு'ன்னு சொன்னது?"

குரலை வச்சுக் கண்டுபிடிச்சுட்டாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு.

கியூவுல பின்னாடி ஆறேழு பேர். ஆமாம்னு தலையாட்டினேன். உடனே சொல்ல ஆரம்பிச்சேன், "நான் எழுதி வச்சிருந்தேம்மா, அவங்கதான்..." அவங்க கேக்கவே இல்லை. கோவமா இல்ல. அதே நிதானம், அன்னைக்குப் போன்ல பேசின மாதிரியே. சொன்னாங்க:

"அன்னைக்கு மத்தியானம் எதிர்வீட்டு ஆட்டோக்காரரும் அவர் மச்சானும் வந்தாங்க மேடம். இடுப்பளவு தண்ணிதான், கதவைக் கழட்டி அது மேல படுக்க வச்சுத் தள்ளிட்டுப் போயிடறோம், மெயின் ரோட்டுல ஆம்புலன்ஸ் நிக்குதுன்னாங்க. எனக்குப் பயம், நடுவுல சிலிண்டர் கவுந்துடுமோன்னு. அதான் உங்களைக் கேட்டேன், நிச்சயமா வருமான்னு. நிச்சயமா வரும்னீங்க. நான் அவங்களை வேண்டாம்னு அனுப்பிட்டேன். ரெண்டரைக்கு இன்னொரு தடவை வந்தாங்க. அப்பவும் உங்களைக் கேட்டுட்டு, வேண்டாம்னுட்டேன். அப்புறம் தண்ணி ஏறிடுச்சு."

அவ்வளவுதான் சொன்னாங்க. ஆதார் நகலை எடுத்து வச்சாங்க.

நான் அன்னைக்கே திருத்தத்தைப் போட்டு, நானே மாடி ஏறிப் போய்க் கையெழுத்து வாங்கி, அரை மணி நேரத்துல சான்றிதழை அவங்க கையில குடுத்தேன். பதினஞ்சு நாள் ஆகற வேலை. பேரை எழுத்துக் கூட்டிப் படிச்சுப் பாத்தாங்க. "சரியா இருக்கு மேடம், தேங்க்ஸ்"னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.

தேங்க்ஸாம்மா? அந்த எடத்துல தேங்க்ஸ் சொல்லலாமா ஒருத்தர்? திட்டியிருக்கலாம்ல. கியூவுல நிக்கறவங்க முன்னாடி, 'கொலைகாரி'ன்னு கத்தியிருக்கலாம்ல. கத்தியிருந்தா நான் பதில் சொல்லியிருப்பேன். எங்கிட்ட பதில் இருந்துச்சு. நேரத்தோட, நம்பரோட, எல்லாம் இருந்துச்சு. ஒரு வார்த்தை பேச விடாம, அதைச் சொல்லிட்டுப் போனா என்ன அர்த்தம்? அந்த ஆட்டோக்காரர் வந்ததை எங்கிட்ட அன்னைக்கு சொன்னாங்களா? சொல்லலை. சொல்லியிருந்தா நான்... எனக்கு எப்படித் தெரியும்? நான் ஆறுதலுக்குத்தானே சொன்னேன். யாராயிருந்தாலும் அதைத்தானே சொல்லியிருப்பாங்க?

நீங்க எறங்கணுமா? இருங்க, வண்டி நிக்கட்டும். ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போங்க. நீங்க அந்த நாற்காலியில உக்காந்திருந்தா என்ன சொல்லியிருப்பீங்க? 'தெரியாது'ன்னு சொல்லியிருப்பீங்களா? சாகக் கெடக்கற மனுஷனை வச்சிட்டு ஒரு பொம்பளை கேக்கும்போது, கண்ட்ரோல் ரூம்ல உக்காந்துட்டு, 'எனக்குத் தெரியாதும்மா, படகு வருமா வராதான்னு எனக்குத் தெரியாது'ன்னு சொல்ல முடியுமா?

சொல்லியிருக்கலாம்.

சொல்லியிருந்தா கதவைக் கழட்டியிருப்பாங்க.